நின்னுடும்

என் கம்ப்யூட்டர் எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியும். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆரம்பத்தில் நானும் சிரித்தவள்தான்.

எங்கள் வீடு மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய கடைசி வரிசையில் இருக்கிறது. எங்கள் வாசலில் நிற்பதுதான் கடைசிக் கரண்டுக் கம்பம். அதற்கப்புறம் உப்புப் பாத்திகள்தான். வீட்டில் இரண்டே அறை. முன்னறை அப்பாவுக்கு, பின்னறை எனக்கும் என் கம்ப்யூட்டருக்கும். அப்பா பெயர் அற்புதராஜ். முப்பத்திரண்டு வருஷம் அளத்தில் உப்பு வாரினவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது நுரையீரலில் பாதியைக் கையோடு கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து பகலும் இரவும் மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின், எங்கள் சர்ச் பங்கில் எல்லாருமாகச் சேர்ந்து வாங்கித் தந்தது. அறையில் இருக்கிற காற்றை இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்து அனுப்பும். கரண்டு இருக்கிற வரை அப்பாவுக்கு மூச்சு. கரண்டு போனால் மூலையில் ஒரு சின்ன சிலிண்டர், அது ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

அம்மா சூசைமேரி, உப்புப் பாக்கெட் போடும் ஷெட்டுக்குக் காலை எட்டுக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவாள். பகலில் அப்பாவோடு ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் நான், ஜெனிஷா. சென்னையில் ஒரு கட்டட கம்பெனிக்கு வேலை செய்கிறேன். இன்னும் கட்டாத அடுக்குமாடி வீட்டை, கட்டி முடித்து ஆள் குடிவந்துவிட்ட மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுக்கிற வேலை. வீட்டிலிருந்தே செய் என்று விட்டிருந்தார்கள். சொன்ன தேதியில் படம் வராவிட்டால், ஆபீசுக்கு வந்து இங்கே இருக்கிற மெஷினில் செய் என்பார்கள். நான் சென்னைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அந்தக் குழாய்க்கு யார் காவல்? அதற்காகத்தான் இத்தனை கூத்தும் ஆடினேன்.

கூத்துக்குப் பெயர் ஓவர்கிளாக். என்னுடையது செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். புதிது வாங்க வழியில்லாதவர்கள், இருக்கிற பிராசஸரையே கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டிப் பார்ப்பார்கள். கொஞ்சம் வோல்டேஜ் கூட்டிக் கொடுக்க வேண்டும், சூட்டைத் தணிக்கப் பெரிய விசிறி வைக்க வேண்டும், அப்புறம் மாட்டுக்கு வாலை முறுக்குகிற மாதிரி முறுக்க வேண்டியதுதான். மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை நாலு புள்ளி ஏழுக்கு ஏற்றினேன். பதினோரு மணி நேரம் ஆகிற படம் எட்டே முக்கால் மணியில் முடியும் என்று திரையில் போட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாளே பெருமை போயிற்று. காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறி, உச்சி வேளை நெருங்கினால் இருபது நிமிஷத்துக்கு ஒருதரம், அரை மணிக்கு ஒருதரம் நின்றுவிடும். எங்கள் ஊர் உச்சி வேளை தனி. அளத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டார். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், ஜன்னலைத் திறந்தால் கண் கூசி எதுவும் தெரியாது. காக்கைகூட கத்தாது. அந்த நேரத்தில் வீட்டில் கேட்கிறது அப்பாவின் மெஷின் மட்டும்தான். புஸ் என்று ஒரு மூச்சு, டக் என்று ஒரு அடி, மறுபடி புஸ். அதற்கு நடுவில்தான் ஒருநாள் முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஜெனி, நின்னுடும்."

எது நிற்கும் என்று கேட்க வாயைத் திறந்தேன். திரை அணைந்துவிட்டது.

தற்செயல் என்று விட்டுவிட்டேன். அன்றே இன்னொரு தரம் சொன்னார், அதுவும் பலித்தது. மறுநாள் மூன்று தரம். குரலில் ஒரு பதற்றமும் கிடையாது. மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரி சொல்வார். எப்படித் தெரியுது என்று கேட்டேன். தெரியுது என்றார். மேலே கேட்டதற்கு, நிற்பதற்கு முன்னால் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும், நின்றதும் விட்டுவிடும் என்றார். ஓடிப்போய், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற மீட்டரை அவர் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றுநாலு. அவருக்கு அது நல்ல நம்பர். ஒவ்வொரு தரமும் கம்ப்யூட்டர் நின்ற பிறகு ஓடிப்போய்த்தான் பார்த்தேன், ஒவ்வொரு தரமும் தொண்ணூற்றுமூன்றோ நாலோதான் காட்டியது.

கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, எது மாறுகிறது என்று பார். அதே வழியில் அப்பாவையும் சோதித்தேன். பெற்ற அப்பனைச் சோதிக்கிறாளே என்று நினைக்கலாம், நினைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினேன். திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். ஒருநாள் படத்தை ஓடவிடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் அப்பா வாயே திறக்கவில்லை. மறுநாள் சத்தம் காட்டாமல் ஓடவிட்டேன். முப்பத்தோராவது நிமிஷம் மூடிய கதவுக்கு அந்தப்புறமிருந்து, ஜெனி, நின்னுடும் என்றார். மனதுக்குள் எண்ணினேன். பத்தொன்பது எண்ணும்போது அணைந்தது. அடுத்த தரம் இருபத்திரண்டு. அதற்கடுத்து பதினேழு. அதற்கு மேல் எனக்கு எண்ணத் தைரியம் வரவில்லை.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அன்று மாலையே கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒரு ஜெபமாலை ஏறியது. மந்திரித்த தண்ணீரை அதன் மேல் தெளிக்க வந்தவளைத் தடுத்து நிறுத்துவதற்குள் என் பாடு பெரும்பாடாகிவிட்டது. அந்த மெஷின் உங்கப்பாவோட மூச்சை இழுக்குது என்றாள் அம்மா. படித்த திமிரில் அன்றைக்கு, போம்மா, உனக்கு வேற வேலை இல்ல என்றேன்.

மோகன் அண்ணாவைக் கூப்பிட்டேன். பக்கத்து மீனவ ஊரான அனுமந்தைக்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அப்பன் பாட்டன் எல்லாம் கடலுக்குப் போனவர்கள். எனக்கு மட்டும் கப்பல் மூழ்காது, விண்டோஸ்தான் மூழ்கும் என்பார். வந்தவர் பெட்டியைத் திறந்ததும் அசந்துபோய் நின்றார். உள்ளே ஸ்க்ரூ ஓட்டை, காலி ஸ்லாட், வயர் முனை எல்லாவற்றிலும் மெழுகு.

இதை எங்கள் ஆட்கள்தான் செய்வார்கள். அளத்தில் உப்புக்காற்று தொட்டதையெல்லாம் தின்றுவிடும். டார்ச்சு, ரேடியோ, போன் எது வாங்கினாலும் உபயோகமில்லாத ஓட்டையில் மெழுகுவத்தியைக் காய்ச்சி ஒரு சொட்டு விட்டு அடைத்துவிடுவோம். அப்பா அப்படித்தான் பழக்கினார். கம்ப்யூட்டருக்கு நான் வைத்தேன். அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் வந்த வாரமே அதற்கும் நான்தான் வைத்தேன். காற்று இழுக்கிற இடத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் அஞ்சாறு ஊசி ஓட்டைகள் இருந்தன, அவற்றை அழகாக அடைத்தேன். ஈஸ்டர் மெழுகுத்திரியில் மிச்சமிருந்த மெழுகு. மெஷின் சத்தம் அப்பா தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதைக் கதவுக்குப் பின்னால் தள்ளி, நீளக் குழாய் போட்டதும் நான்தான்.

மோகன் அண்ணா இரண்டு நாள் வந்தார். சூட்டைப் பார்த்தார், எழுபத்தெட்டுக்கு மேல் போகவில்லை. மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பிராசஸருக்கு மேல் பூசுகிற பேஸ்டை மாற்றினார். அப்பா சொல்கிற விஷயத்தையும் கேட்டுக்கொண்டார், சிரிக்கவில்லை. உங்கப்பா மெஷினும் இதுவும் ஒரே லைன்ல இருக்குது, அது இழுக்கிறப்ப இதுக்குப் பத்தாமப் போவுதோ என்னவோ என்றார். வோல்ட் மீட்டரைச் சுவர் பிளக்கில் வைத்துப் பார்த்தார். இருநூற்று இருபத்தாறு வோல்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் பார்த்தது கம்ப்யூட்டர் சும்மா இருந்தபோது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதைச் சோதிக்க ஒரு நாளும் வாய்த்தது. புதன்கிழமை அப்பாவை மாதாந்திரச் செக்கப்புக்கு, சிலிண்டரோடு ஆட்டோவில் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனாள் அம்மா. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் அணைந்திருந்தது. நான் மட்டும் தனியாக இருந்தேன். படத்தை ஓடவிட்டேன். அந்த புஸ் டக் இல்லாமல் வீடு என்னவோ மாதிரி இருந்தது. பன்னிரண்டு பத்துக்குத் திரை நீலமாகி, ஏதோ ஆங்கிலத்தில் எழுதிக் காட்டி நின்றது. நீலம் மறைவதற்குள் போன் அடித்தது. அம்மாவின் நம்பர். பேசியது அப்பா.

"நின்னுடுச்சாம்மா?"

முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, நெஞ்சு ஒரு மாதிரி அடைச்சிது, அதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் வெளியே போய் வெயிலில் நின்றேன். உள்ளே போகப் பிடிக்கவில்லை. அம்மா வரும்வரை வாசலிலேயே இருந்தேன்.

மோகன் அண்ணாவுக்குப் போனில் சொன்னேன். மெஷின் அணைந்திருந்தும் நின்றது என்றால், அதன் மேல் குற்றமில்லை என்று தீர்ந்துவிட்டது என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு இருக்கிறது. ஒரு நோட்டில் ஒவ்வொரு தரம் நின்றதையும் எழுதி வந்தேன். நேரம், வேகம், சூடு எல்லாம் உண்டு. கடைசிக் கட்டத்தில் "நின்றது" என்று ஒரே வார்த்தை. சில தரம் நீலத் திரை வந்து நின்றது, பல தரம் ஒன்றுமே வராமல் கருப்பாகி நின்றது. எப்படி நின்றால் என்ன, நின்றது நின்றதுதானே என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டேன். நீலம் என்றால் பிராசஸருக்கு நான் கொடுத்த வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். கருப்பு என்றால் வெளியிலிருந்து வருகிற கரண்டே போதவில்லை. வியாதி இரண்டு. அரைகுறையாகத் தெரிந்த வைத்தியக்காரி நான், ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.

அன்றே பிராசஸர் வோல்டேஜை இன்னும் ஒரு படி ஏற்றினேன். அதன்பின் நீலம் வரவேயில்லை. கருப்பு வந்தது. வியாழக்கிழமை உச்சி வேளையில் படம் பாதி தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் கொடுக்க வேண்டும். கையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெனி, நின்னுடும் என்ற குரல் கேட்டது. நின்றது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. நாற்காலி சாய எழுந்து முன்னறைக்குப் போனேன்.

"உன் கருநாக்குதான்பா அத நிறுத்துது. இனிமே அது ஓடுறப்ப ஒரு வார்த்தை பேசாத. இருமுற சத்தம்கூட எனக்குக் கேக்கக் கூடாது."

கருநாக்கு என்கிற வார்த்தையை எங்கள் தெருவில் யாரும் லேசாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னது பலித்துவிடும் என்று பயந்து, கல்யாண வீட்டில்கூடச் சேர்க்காத ஆளுக்குச் சொல்கிற வார்த்தை. அப்பா குழாயைச் சரிசெய்துகொண்டார். என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிம்மா, பேசல" என்றார்.

வெள்ளிக்கிழமை மோகன் அண்ணா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். மாற்றாமல் மிச்சம் இருந்தது கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் ஒன்றுதான். பழையது ரோஷக்காரி, வெளிக்கரண்டு கொஞ்சம் தாழ்ந்தாலும் கையை விட்டுவிடும் என்றார். புதியது நல்ல சரக்கு, நூறு வோல்ட் வந்தாலும் விடாமல் இழுத்து ஓட்டும் என்றார். மாட்டினார். எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது, விடாமல் இழுக்கும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். ஏழே முக்காலுக்கு அம்மா ஷெட்டுக்குக் கிளம்பினாள். பத்து மணிக்கு அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தார், அரைக் கிண்ணம் குடித்தார். பதினொன்று ஆனது. பதினொன்றரை. அளத்தில் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்கள் ஓடுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. என் டேபிள் ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது. வெயில் நேரத்தில் எங்கள் ஊரில் எந்த ஃபேன்தான் வேகமாகச் சுற்றுகிறது?

பன்னிரண்டு மணிக்கு என் காது இரண்டும் முன்னறையில்தான் இருந்தன. அந்தக் குரல் வருமோ வருமோ என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பன்னிரண்டேகால். கம்ப்யூட்டர் ஓடுகிறது. பன்னிரண்டரை. ஓடுகிறது. ஒன்றானது. இத்தனை நாளில் ஒருதரம்கூட இந்த நேரத்தைத் தாண்டினதில்லை. வேகத்தைப் பார்த்தேன், நாலு புள்ளி ஏழு. சூட்டைப் பார்த்தேன், எழுபத்தைந்து. கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. எனக்கு அழுகை வரும்போல் ஆகிவிட்டது. ஜெயித்துவிட்டேன், இனி சென்னைக்குப் போக வேண்டாம், அப்பா பக்கத்திலேயே இருக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

பார்த்தியா, நிக்கல என்று அவரிடம் சொல்ல எழுந்தேன். எழுந்தபோதுதான் காதில் பட்டது. புஸ் இருந்தது, டக் இல்லை. புஸ் என்பதும் நீளமாக, இழுத்து இழுத்து, வேறு யாரோ விடுகிற மூச்சுமாதிரி வந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. வாயில் துண்டைச் சுருட்டித் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். இருமல் வெளியே கேட்காமலிருக்க. கண் திறந்தேதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி, போ, போய் வேலையைப் பார் என்று காட்டினார்.

விரலில் மீட்டரை மாட்டினேன். அறுபத்தொன்று. கதவை இழுத்தேன். பின்னால் ஆக்சிஜன் மெஷினில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக எரிகிறதோ. சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டிய மெஷின். அது கூப்பிடுகிற ஓட்டைகளில்தான் நான் மெழுகு வைத்திருந்தேன்.

சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றி மாட்டினேன். துண்டை வாயிலிருந்து பிடுங்கினேன். அப்புறம் எதற்கென்று தெரியாமலே பின்னறைக்கு ஓடி, சுவர் சுவிட்சைத் தட்டி என் கம்ப்யூட்டரை அணைத்தேன். அணைத்த அந்த நொடியில் முன்னறையில் டக் என்றது. புஸ். டக். புஸ். ஆக்சிஜன் மெஷின் மூச்சைப் பிடித்து எழுந்துகொண்டது. நான் சுவிட்சின் மேல் கையை வைத்தபடியே நின்றேன். இத்தனை நாளாக நான் பழுது பார்த்தது எதை என்று அப்போதுதான் புரிந்தது. நிற்கிறதே, நிற்கிறதே என்று நான் தலையில் அடித்துக்கொண்ட ஒவ்வொரு தரமும், அது நின்றதால்தான் அப்பாவுக்கு மூச்சு திரும்பியிருக்கிறது. நிற்காமல் ஓட வைத்துவிட்டேன்.

பேச்சு வர அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. 108க்குச் சொல்லிவிட்டு அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சிதா?" என்று கேட்டார்.

படத்தில் எழுபது சதவீதம்தான் ஆகியிருந்தது. "முடிஞ்சிதுப்பா" என்றேன்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்த நாட்களில் மோகன் அண்ணா வந்து, கம்ப்யூட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டு, அளத்து மோட்டார் ஓடுகிற நேரமாகப் பார்த்து வோல்ட் மீட்டரை வைத்தார். நூற்று நாற்பத்தாறு. லைன்மேன் சிங்காரத்தைக் கூட்டிவந்து கம்பத்தில் ஏற்றினார். எங்கள் வீட்டுக்கு வருகிற வயரின் இணைப்பை உப்பு தின்று தீர்த்திருந்தது. தொட்டதும் மாவாகக் கொட்டியது. உச்சி வேளையில் அளத்து மோட்டார்கள் இழுப்பதால் லைனில் வருவதே குறைவு, அதன் மேல் என் கம்ப்யூட்டர் பாரமும் ஏறினால் அந்த இடம் சூடாகும், சூடாக ஆக வீட்டுக்கு வருகிற கரண்டு குறையும். பழைய எஸ்எம்பிஎஸ் அது தாங்காமல் விட்டுவிட்டது. புதியது விடாமல் இழுத்தது. அது இழுக்க இழுக்க அப்பாவின் மெஷினுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மோகன் அண்ணா என் முகத்தைப் பார்க்காமலே, நான்தான்மா கொண்டாந்து மாட்டினேன் என்றார்.

சென்னை ஆபீசுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அங்கே எனக்கு மேலே இருக்கிற மேனேஜர் அம்மா, இதுக்கென்னப்பா, புதன்கிழமை வரைக்கும் எடுத்துக்கோ, முன்னாடியே கேட்டிருக்கலாமே என்றார். கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. கம்ப்யூட்டரை மோகன் அண்ணா கடைக்குத் தூக்கிப்போய், கம்பெனி வேகத்திலேயே ஓடவிட்டோம். பதினோரு மணி நேரத்தில் ஒழுங்காக முடிந்தது.

பாண்டிச்சேரியிலிருந்து அப்பா போன் செய்தாரே, அதற்கு மட்டும் இன்றைக்கு வரை விடை கிடைக்கவில்லை. அன்றைக்கு வந்தது நீலத் திரை. கம்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் இழுத்தது ஆஸ்பத்திரி ஆக்சிஜன். மோகன் அண்ணா தற்செயல் என்கிறார். அம்மா ஜெபமாலையைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க விடமாட்டேன் என்கிறாள். நானும் எடுக்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து நாலு மாதமாகிறது. வயர் புதிது. இப்போது ஓவர்கிளாக் கிடையாது. மெஷினில் இருந்த மெழுகைக் குண்டூசியால் நோண்டி எடுத்துவிட்டேன், கதவுக்குப் பின்னாலிருந்து கட்டில் பக்கம் கொண்டுவந்துவிட்டேன். எல்லாவற்றையும் சரிசெய்தாகிவிட்டது. ஒன்றைத் தவிர. அப்பா இப்போது எதையும் சொல்வதில்லை. மூச்சு எப்படி இருக்குது என்றால், நல்லா இருக்குது என்கிறார். குழாய் மடங்கிக் கிடந்தாலும் அதே பதில்தான். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீ அப்ப டென்ஷன்ல இருந்த என்று என் தலையைத் தடவினார். மன்னித்துவிட்டார், அதில் சந்தேகமில்லை. பேசத்தான் மாட்டேன் என்கிறார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் துண்டு அவர் கைக்கு வந்துவிடுகிறது.

அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்துபோய் விரலில் மீட்டரை மாட்டிப் பார்க்கிறேன். நேற்று மத்தியானம் போனபோது எண்பத்திரண்டு காட்டியது. கூப்பிட்டிருக்கலாமேப்பா என்றேன்.

"நீ வேலையா இருந்தியேம்மா" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.